பைல்சில்லா மதிப்புரை: உங்கள் வெப்சைட் உங்கள் கையில் இருக்கட்டும்

கொழும்பில் சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கும் கடைக்காரர்களோ சங்கக்காரர்களோ எங்கள் அச்சகத்துக்கு வந்து "சைட்டைக் கொஞ்சம் புதுப்பிக்க வேணும்" என்று சொன்னால், நான் முதலில் நிறத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ கேட்பதில்லை. "எப்ரிபி விபரம் உங்களிட்ட இருக்கா?" என்றுதான் கேட்பேன். எப்ரிபி என்பது வெப்சைட்டின் பைல்களை அது இருக்கும் சேர்வருக்கு அனுப்பவும் அங்கிருந்து எடுக்கவும் உள்ள விதிமுறை; விபரம் என்றால் அதற்குரிய பெயரும் பாஸ்வேர்டும். அநேகமாக இல்லை என்றே பதில் வரும். "அது செய்து தந்த பொடியன்ட்டத்தான் இருக்கும் பிள்ளை. அவர் இப்ப கனடாவில" என்றார் ஒரு கோயில் அறங்காவலர் ஐயா. வருடா வருடம் காசு கட்டுவது கோயில். பெயர் கோயிலின் பெயர், படங்களும் கோயில் திருவிழாப் படங்கள். ஆனால் கொடியேற்றத் திகதியை மாற்றக்கூட அங்கே ஒருவராலும் முடியவில்லை.

இந்த நிலை மாறவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்கு நான் எல்லாருக்கும் சொல்லும், எப்ரிபி மூலம் பைல்களை அனுப்பி எடுக்கும் மென்பொருள்தான் பைல்சில்லா. 2001இல் ஜேர்மனியில் டிம் கொஸ்ஸே என்ற மாணவர் தன் வகுப்புத் தோழர்களுடன் ஒரு பாடத்திட்ட வேலையாகத் தொடங்கியது இது. இன்றும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாணக் காட், நினைவு மலர், விளம்பரத் துண்டு என்று போய்க்கொண்டிருந்த தொழிலில் இப்போது வெப்சைட்டும் ஒரு பகுதி. வெள்ளவத்தையில் ஒரு ரியூஷன் நிலையம், ஆமர் வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை, ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை, இப்படிச் சிறிய இடங்கள்தான் எங்களிடம் வருகின்றன. இவர்களிடம் கணினிப் பிரிவு என்று ஒன்று கிடையாது. கணக்கு எழுதும் தங்கச்சியோ, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் மகனோதான் வெப்சைட்டையும் பார்க்கவேண்டும். இந்த மதிப்புரை அவர்களுக்காகத்தான். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

திறந்தவுடன் தெரியும் ஜன்னலைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இடது பக்கம் இருப்பது உங்கள் கொம்பியூட்டர், வலது பக்கம் இருப்பது சேர்வர், அதாவது உங்கள் வெப்சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பனியின் கணினி. இடதில் உள்ள பைலைப் பிடித்து வலதில் விட்டால் அப்லோட், வலதில் உள்ளதை இடதில் விட்டால் டவுன்லோட். கீழே ஒரு வரிசை ஓடும். எது காத்திருக்கிறது, எது தோற்றுப்போனது, எது போய்ச் சேர்ந்தது என்று மூன்று தலைப்பில் பிரித்துக் காட்டும். மேலே நாலு சிறு பெட்டிகள்: சேர்வர் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்ட், போர்ட் இலக்கம் (சேர்வரின் எந்த வாசலால் போவது என்ற எண்). அவ்வளவுதான் முகம்.

அந்த நாலு பெட்டிக்கும் கீழே ஒரு சிறிய பகுதியில் ஆங்கில வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இடத்தை அடைக்கிறது என்று அதைச் சுருக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து சுருக்காதீர்கள். பைல்சில்லாவை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது அந்தப் பகுதிக்காகத்தான். உங்கள் கொம்பியூட்டர் சேர்வரிடம் என்ன சொன்னது, சேர்வர் என்ன பதில் சொன்னது என்பதை ஒளிக்காமல் அப்படியே காட்டுவது அதுதான். ஒவ்வொரு பதிலும் ஒரு மூன்றிலக்க எண்ணோடு தொடங்கும். ஆங்கிலம் அவ்வளவு ஓடாதவர்கள்கூட எண்ணைப் பார்த்தே நிலைமையை விளங்கிக்கொள்ளலாம். 220 என்றால் சேர்வர் வணக்கம் சொல்கிறது. 331 என்றால் பெயர் கிடைத்தது, பாஸ்வேர்டைக் கொடு என்கிறது. 230 வந்தால் உள்ளே போய்விட்டீர்கள். 226 என்றால் பைல் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிழை எண்களும் அப்படியே. 530 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ பிழை. இங்கே அநேகமான கணக்குகளில் பயனர் பெயர் வெறும் பெயராக இருக்காது, மின்னஞ்சல் முகவரி போல நீளமாக இருக்கும். அதை முழுதாக அடிக்கவேண்டும். 550 என்றால் அந்தப் பைல் அங்கே இல்லை, அல்லது அதைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. 552 என்றால் உங்களுக்குத் தந்த இடம் நிரம்பிவிட்டது. 421 பல நேரம் ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி இணைப்புகளைத் திறந்துவிட்டீர்கள் என்பதற்காக வரும். ஹோஸ்டிங் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து "வேலை செய்யுதில்லை" என்றால் "உங்கட இன்டர்நெட்டைப் பாருங்கோ" என்பார்கள். "552 வருது, இடம் கூட்டித் தாங்கோ" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். வாடிக்கையாளருக்கு அந்தப் பலத்தைத் தருகிற மென்பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த எண்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. எப்ரிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். ஐஐரி கான்பூரின் முதல் அணியில் படித்து, அமெரிக்காவில் எம்ஐரிக்குப் போனவர். இன்றைக்கு நாம் பாவிக்கும் விதிமுறை 1985 ஒக்டோபரில் வந்தது. உலகளாவிய வலை பிறப்பதற்கு முன்பே எழுதிய ஒரு விதிமுறையில் இன்று ஒரு ஆமர் வீதிக் கடையின் விலைப்பட்டியல் போகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது. ஆனால் அந்த வயதுதான் சில தொல்லைகளுக்கும் காரணம்.

முதல் தொல்லை, எல்லாரும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்பு வரி: உள்ளே போய்விட்டோம், 230 வந்துவிட்டது, ஆனால் வலது பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து 'டிரெக்டரி லிஸ்டிங்கை எடுக்க முடியவில்லை' என்று வந்து நின்றுவிடும். இது ஏன் வருகிறது என்பதை ஒரு தடவை விளங்கிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கப் போதும். எப்ரிபி ஒரு இணைப்பில் ஓடுவதில்லை, இரண்டு இணைப்பில் ஓடுகிறது. புறக்கோட்டையில் மொத்தக் கடைக்குப் போனால் முன் வாசலில் முதலாளியிடம் ஓடர் கொடுப்போம், சாமான் பின் ஒழுங்கையில் உள்ள ஸ்டோரில் இருந்து வேறொரு வாசலால் வரும். இங்கேயும் அப்படித்தான். கட்டளை எல்லாம் 21ஆம் போர்ட்டில் போகும். பைலும் பைல் பட்டியலும் வேறொரு போர்ட்டில் வரும். பட்டியலும் அந்தப் பின் வாசலால்தான் வரவேண்டும் என்பதால், அது மூடியிருந்தால் உள்ளே போயும் ஒன்றையும் பார்க்க முடியாது.

அந்த இரண்டாவது இணைப்பை யார் தொடங்குவது என்பதில் இரண்டு முறை உண்டு. அக்டிவ் முறையில் சேர்வர் உங்கள் கொம்பியூட்டரைத் தேடி வரும். வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கொம்பியூட்டரை அது நேரடியாக எட்டமுடியாது. பெரும்பாலும் ரௌட்டரோ, பயர்வோல் என்ற பாதுகாப்புத் தடுப்போ மறித்துவிடும். பசிவ் முறையில் சேர்வர் ஒரு போர்ட் இலக்கத்தைச் சொல்லும், உங்கள் கொம்பியூட்டரே அங்கே போகும். பைல்சில்லாவில் பசிவ்தான் வழமையான தெரிவு, அதை மாற்றாமல் விடுங்கள். அப்படியும் பட்டியல் வராவிட்டால், உங்கள் பக்கத்துப் பயர்வோலோ சேர்வர் பக்கத்துப் பயர்வோலோ அந்தப் போர்ட்களைத் திறக்காமல் வைத்திருக்கிறது. எதன் பக்கம் என்று கண்டுபிடிக்க, போனில் ஹொட்ஸ்பொட் போட்டு அதன் மூலம் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் உங்கள் அலுவலக இணைப்பில்தான் தடை.

இன்னொரு வழி, எப்ரிபியை விட்டுவிட்டு எஸ்எப்ரிபிக்குப் போவது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு விதிமுறை. எஸ்எஸ்எச் என்ற மறைக்கப்பட்ட இணைப்பு வழியாக 22ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பிலேயே எல்லாம் போகும், அதனால் பின் வாசல் பிரச்சினையே இல்லை. உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் எஸ்எஸ்எச் அனுமதி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தெரிவு செய்யுங்கள். சில கம்பனிகள் விலை குறைந்த கணக்குகளில் இதைத் தருவதில்லை, கேட்டுப் பார்க்கவேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வெறும் எப்ரிபியில் உங்கள் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல், படித்து விளங்கக்கூடிய எழுத்தாகவே வலையமைப்பில் போகிறது. மரைன் டிரைவில் ஒரு கபேயின் வைபையில் இருந்துகொண்டு இப்படி இணைப்பது, பாஸ்வேர்டை அந்த வைபையில் இருக்கும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவதற்குச் சமம். 2021இல் குரோமும் பயர்பொக்ஸும் எப்ரிபியைத் தங்கள் பிரவுசரில் இருந்தே எடுத்துவிட்டன. பைல்சில்லாவில் சைட் மனேஜர் என்ற பகுதிக்குப் போய், என்கிரிப்ஷன் என்ற இடத்தில் 'ரிஎல்எஸ் கட்டாயம்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ரிஎல்எஸ் என்பது போவதை மறைத்து அனுப்பும் முறை. வழமையாக 'கிடைத்தால் பாவி' என்றுதான் இருக்கும். கட்டாயம் என்று வைத்தால், மறைக்காத இணைப்பை அது திறக்கவே திறக்காது. இதற்குமேல் ஒரு பைசாவும் செலவில்லை, ஒரு நிமிட வேலையும் இல்லை.

இதைச் செய்தவுடன், சேர்வர் தான் யார் என்று காட்டும் சேர்ட்டிபிகேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரக்கூடும். பல வாடிக்கையாளர்கள் ஒரே சேர்வரில் இருக்கும் கணக்குகளில், அந்தச் சேர்ட்டிபிகேட் உங்கள் டொமைன் பெயரில் (உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயரில்) இல்லாமல் ஹோஸ்டிங் கம்பனியின் சேர்வர் பெயரில் இருக்கும். அப்போது ஓகே அடித்துவிட்டுப் போகாமல், ஹோஸ்ட் பெட்டியில் உங்கள் டொமைனுக்குப் பதிலாக அந்தச் சேர்வரின் பெயரையே போடுங்கள். கம்பனி கணக்குத் திறந்தபோது அனுப்பிய மின்னஞ்சலில் அது இருக்கும். சேர்வரின் பெயரைப் பாவிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஹோஸ்டிங் மாற்றும் நாட்களில், உங்கள் டொமைன் இன்னும் பழைய சேர்வரையே காட்டிக்கொண்டிருந்தாலும், நீங்கள் அனுப்பும் பைல்கள் சரியான புது இடத்துக்கே போகும்.

ஹோஸ்டிங் மாற்றும் கதை வந்ததால் 2022ஐப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அந்த வருடம் மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். அதற்கு முன் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு ஹோஸ்டிங்குக்கு டொலரில் கட்டிக்கொண்டிருந்த சின்ன இடங்களுக்கு அந்த வருடக் கட்டணம் தாங்க முடியாத தொகையாகிவிட்டது. ரூபாயில் கட்டக்கூடிய உள்ளூர்க் கம்பனிக்கு மாறவேண்டும் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எப்ரிபி விபரம் கையில் இருந்தவர்கள் மாறினார்கள். இல்லாதவர்கள், தளத்தைச் செய்து தந்தவரைத் தேடி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டு இருந்தார்கள். எங்களிடம் வந்த ஒரு ரியூஷன் நிலையத்துக்குப் பதிலே வரவில்லை; பல வருட வினாத்தாள்களும் விடைகளும் கட்டணத் தவணை முடிந்ததும் தளத்தோடு சேர்ந்து போய்விட்டன. அந்த ஆசிரியரின் முகம் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது.

அப்படி ஒரு முழுத் தளத்தையும் இறக்கும்போது பைல்சில்லா எவ்வளவு பொறுமையான கருவி என்று தெரிந்தது. அது நீண்ட மின்வெட்டுக் காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் இல்லை. குழுவுக்கு ஓர் எழுத்து என்று அட்டவணை வரும். எங்கள் குழுவின் நேரம் நெருங்கினால் பைல்சில்லாவை ஒழுங்காக மூடிவிடுவோம். மின்சாரம் வந்து திறந்தால் வரிசை அப்படியே இருக்கும். தொடர் என்று சொன்னால் மிச்சத்தை எடுக்கும். பாதியில் நின்ற பெரிய பைலுக்கு, என்ன செய்யட்டும் என்று கேட்கும். 'ரெஸ்யூம்' என்றால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். டேட்டாவுக்கும் காசு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய உதவி.

ஆனால் எப்ரிபியில் இறங்குவது பைல்கள் மட்டுந்தான். இதைத் தெளிவாகச் சொல்லாமல் விடக்கூடாது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளம் என்றால் நீங்கள் எழுதிய பதிவுகளும் பக்கங்களும் பைலில் இல்லை, டேட்டாபேஸில் இருக்கின்றன. அதை பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவியில் எக்ஸ்போர்ட் செய்து தனியாக எடுக்கவேண்டும். மின்னஞ்சல் பெட்டிகளும் தனி வேலை. பிறகு, பெயர் புள்ளியில் தொடங்கும், உள்பக்க முகவரிகளை வழிநடத்தும் 'எச்ரிஅக்சஸ்' என்ற பைல் சாதாரணமாக மறைந்திருக்கும். சேர்வர் மெனுவில் மறைந்த பைல்களைக் கட்டாயமாகக் காட்டு என்ற தெரிவைப் போட்டால்தான் கண்ணில் படும். அது இல்லாமல் புது இடத்தில் முதற்பக்கம் திறக்கும், உள்ளே உள்ள பக்கமெல்லாம் 404, அதாவது பக்கம் இல்லை என்று காட்டும். புது இடத்தின் டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்ட் ஆகியவற்றை டபிள்யூபி-கொன்பிக் என்ற வேர்ட்பிரஸ் அமைப்புப் பைலில் மாற்றவும் வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, பைல்சில்லாவைக் குறைசொல்லும் பலர் குறையை எப்ரிபியில்தான் பார்க்கவேண்டும். 50 எம்பி உள்ள ஒரே பைல் வேகமாகப் போகும். அதே 50 எம்பி ஆயிரக்கணக்கான சிறு பைல்களாக இருந்தால் போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பைலுக்கும் புதிதாக ஒரு இணைப்புத் திறந்து மூடவேண்டும். வேர்ட்பிரஸ் அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு பைல்களால் ஆனதுதான். ஒரே சமயத்தில் எத்தனை பைல் போகலாம் என்பது வழமையில் 2, அதை 10 வரை கூட்டலாம்; ஆனால் கூட்டினால் சில சேர்வர்கள் 421 என்று திருப்பி அனுப்பும். என் வழி வேறு. எல்லாவற்றையும் ஒரு ஸிப் ஆக்கி, அந்த ஒரு பைலை பைல்சில்லாவில் அனுப்பி, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சீபனலின் பைல் மனேஜரில் போய் விரிப்பேன். பைல்சில்லாவால் சேர்வரில் ஸிப்பை விரிக்க முடியாது. முதல் தடவைக்கு ஸிப், அதற்குப் பிறகு அன்றாட மாற்றத்துக்கு பைல்சில்லா என்று பழகினால் நேரம் மிச்சம்.

எங்கே போடுவது என்பதும் பலர் கேட்கும் கேள்வி. சீபனல் உள்ள இடங்களில் 'பப்ளிக் எச்ரிஎம்எல்' என்ற போல்டருக்குள். அதற்கு வெளியே போட்டால் பைல் போய்ச் சேரும், 226 வரும், ஆனால் பிரவுசரில் தெரியாது. யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண்கள் போல்டர்களுக்கு 755, பைல்களுக்கு 644 போதும். வலது கிளிக்கில் மாற்றலாம். எதுவும் சரிவராவிட்டால் 777 போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேர்வரில் உள்ள எவரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிடுவது அது.

பைல் பெயர்களைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருவிழா முடிந்து படம் பிடித்தவர் தரும் பென்டிரைவில் 'தேர் 2023' என்று தமிழில், நடுவில் இடைவெளியுடன் பெயர் இருக்கும். அன்பான பெயர்தான். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூரிஎப்-8 முறையை பைல்சில்லா ஒழுங்காகக் கையாளும், சைட் மனேஜரில் அதைக் கட்டாயமாக்கவும் முடியும். ஆனால் மறுமுனையில் உள்ள பழைய சேர்வர் அதை விளங்காவிட்டால் பெயர் சிதைந்துவிடும். சிதையாவிட்டாலும், அந்தப் படத்தின் இணைய முகவரியை வாட்ஸ்அப்பில் பகிரும்போது 'அ' என்ற ஒரு எழுத்தே ஒன்பது குறிகளாக நீளக்கூடும், 'கோ' பதினெட்டாகும். அதனால் பைல் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பக்கத்துக்குள் தலைப்பையும் விளக்கத்தையும் அழகான தமிழில் எழுதுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம். விண்டோஸில் இரண்டும் ஒன்றுதான், லினக்ஸ் சேர்வரில் இரண்டும் வேறு. கமராவில் இருந்து வரும் படங்களின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வால் பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். உங்கள் கொம்பியூட்டரில் படம் தெரியும், அப்லோட் செய்தபின் தெரியாது. 

அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் அந்த எழுத்தை அப்படியே பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் எதிர்முனையில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதற்கும் அப்லோடுக்கும் தொடர்பில்லை. முதலில் யுனிகோடாக மாற்றி, யூரிஎப்-8இல் சேமித்துவிட்டு அனுப்புங்கள்.

நான் தினமும் பாவித்தும் பலருக்குத் தெரியாத ஒரு வசதி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது. வியூ மெனுவில் டிரெக்டரி ஒப்பீட்டைப் போட்டால், ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள பைல் மஞ்சள், அளவு வேறுபட்டால் சிவப்பு, திகதியில் புதியது பச்சை என்று நிறம் காட்டும். சங்கத்தின் தளத்தை மூன்று பேர் தொடும்போது யார் எதை மாற்றினார்கள் என்று இதில்தான் பிடிப்பேன். ஆனால் திகதியை வைத்து ஒப்பிட்டால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வெளிநாட்டுச் சேர்வரின் நேரமும் எங்கள் நேரமும் வேறு. புதிய சேர்வர்கள் பொது நேரத்தைச் சொல்லும், பைல்சில்லா அதைத் தானே மாற்றிக்கொள்ளும். பழையவை சொல்லாது. அப்போது சைட் மனேஜரில் நேர வித்தியாசத்தைக் கையால் கொடுக்கலாம். மணியோடு நிமிடமும் கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். இலங்கையின் ஐந்தரை மணிநேரத்துக்கு அந்த அரை மணி அவசியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, அதிகாரபூர்வத் தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானில் கிடைக்கும் விண்டோஸ் நிறுவியில் வேறு மென்பொருள்களின் விளம்பரச் சலுகைகள் சேர்ந்து வரக்கூடும். அடுத்து அடுத்து என்று அமத்திக்கொண்டு போகும் ஒரு ஐயாவின் கொம்பியூட்டரில் தேவையற்றது ஏதாவது ஏறிவிடும். இவ்வளவு நல்ல மென்பொருளுக்கு இது அழகல்ல. அதே பக்கத்தில் கூடுதல் டவுன்லோட் தெரிவுகள் என்ற சிறிய இணைப்பு இருக்கும். அங்கே போனால் சலுகைகள் இல்லாத பதிப்பும், நிறுவாமலே ஓடும் ஸிப் பதிப்பும் கிடைக்கும். நான் அதைத்தான் எல்லாருக்கும் கொடுக்கிறேன்.

இரண்டாவது, பாஸ்வேர்ட்கள். சேமித்த பாஸ்வேர்ட்கள் கொம்பியூட்டரில் எளிதில் வாசிக்கக்கூடிய நிலையில் கிடக்கின்றன என்ற குற்றச்சாட்டு நீண்டகாலம் இருந்தது. 2017இல் மாஸ்டர் பாஸ்வேர்ட் வசதி வந்தது. ஆனால் அதை நீங்களாகப் போய் செட்டிங்ஸில் இயக்கவேண்டும், தானாக வராது. அலுவலகத்தில் நாலு பேர் பாவிக்கும் கொம்பியூட்டர் என்றால் நிறுவிய கையோடு இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது குறையை நான் எச்சரிக்கையாகவே சொல்கிறேன்: சேர்வரில் ஒரு பைலை மேலெழுதினால் அல்லது அழித்தால் அதைத் திரும்பப் பெற பைல்சில்லாவில் வழியில்லை. குப்பைத்தொட்டி கிடையாது. பெரிய மாற்றம் செய்ய முதல், வலதில் உள்ள போல்டர் முழுவதையும் இடதில் திகதி போட்ட ஒரு போல்டருக்கு இழுத்து வையுங்கள். வலது கிளிக்கில் வியூ எடிட் என்று திறந்து சேர்வரில் உள்ளதையே நேரடியாகத் திருத்தும் வசதி இருக்கிறது. தொலைபேசி இலக்கம் ஒன்றை மாற்றுவதற்கு நல்லது, பெரிய வேலைக்கு வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் புரோ பதிப்பும் இருக்கிறது. அமேசன் எஸ்3, கூகுள் டிரைவ், டிரொப்பொக்ஸ் போன்ற இடங்களோடும் அது இணையும். நான் சொல்லும் சின்ன நிறுவனங்களுக்கு அது தேவையில்லை. விண்டோஸ் மட்டும் பாவிக்கிறவர்களுக்கு வின்எஸ்சிபியும் நல்ல தெரிவு, அதுவும் இலவசம், நிறுவியும் சுத்தம். தனியாக ஒருவர் பாவிப்பதென்றால் அதைக்கூட முதலில் சொல்வேன். மக், விண்டோஸ் இரண்டும் கலந்திருக்கும் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே முகம் இருப்பது பைல்சில்லாவின் பலம். தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "இடது பக்கம் பாருங்கோ, இப்ப வலது பக்கம் பாருங்கோ" என்று சொல்லமுடிகிறது. என் வேலையில் அதற்கு ஈடு இல்லை.

எந்த மென்பொருளைப் பாவித்தாலும், இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். தளத்தைச் செய்து தருபவரிடம் முதல் தவணைக் காசு கொடுக்கும்போதே மூன்று விபரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஹோஸ்டிங் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எப்ரிபியின் சேர்வர் பெயரும் பயனர் பெயரும் என்ன. டொமைன் பதிவும் ஹோஸ்டிங்கும் வெவ்வேறு. டொட் எல்கே பெயர் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். பிரதான பாஸ்வேர்டை ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம். சீபனலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எப்ரிபி கணக்குத் திறக்கலாம், அவருக்குத் தேவையான போல்டருக்குள் மட்டும் போகும்படி கட்டுப்படுத்தலாம். அவர் விலகும் நாளில் அந்தக் கணக்கை மட்டும் அழித்தால் போதும், மற்றவர்கள் ஒன்றையும் மாற்றவேண்டியதில்லை.

கோயில் ஐயாவின் கதையில், ஹோஸ்டிங் கட்டணப் பற்றுச்சீட்டுகள் கோயில் பெயரில் இருந்ததால் கம்பனி புதிய பாஸ்வேர்ட் தந்தது. இப்போது அங்கே அலுவலகத்தில் இருக்கும் பிள்ளை பைல்சில்லாவில் தானே திருவிழாப் படங்களை ஏற்றுகிறாள். 550 வந்தால் எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். 530 வந்தால் எடுப்பதில்லை, அதைத் தானே பார்த்துக்கொள்கிறாள்.